தீவுகளுக்குக் குடிநீர்: இயந்திரத்தோடு அதன் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கம்பி எட்டாத தீவுகளில் சூரிய ஒளியைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அதில் சொல்லப்பட்ட தொழில்நுட்பச் செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இயந்திரத்தின் திறன், அதன் விலை, அமையவிருக்கும் இடம் ஆகியவற்றை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, நிலையம் திறக்கப்பட்ட மறுநாள் முதல் அதை யார் ஓட்டுவார், பழுதானால் உதிரிபாகம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைத் தொடவே இல்லை. இராமநாதபுரம் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு சிறு நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் ஆப்பரேட்டராக வேலை பார்த்தவன் நான். விடுபட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரையில் தண்ணீர் என்ற சொல்லை யாரும் தனியாகச் சொல்வதில்லை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்தே சொல்வோம். தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் தள்ளிச் செல்லும் பெண்களை இம்மாவட்டத்தின் எந்தச் சாலையிலும் காணலாம். வேம்பாறு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு தீவுக்கு நல்லதண்ணித் தீவு என்று பெயர். ஒரு தீவை அடையாளம் காட்டுவதற்கு அதில் கிடைத்த நீரைத் தவிர வேறொன்றும் நம் முன்னோருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை என்பதற்கு இப்பெயரே சான்று. தங்கச்சிமடத்தில் கடலுக்குள் அமைந்த வில்லூண்டி தீர்த்தத்தில் குடிக்கத்தக்க நீர் ஊறுவதையும் அனைவரும் அறிவர்.

1964 டிசம்பர்ப் புயலில் ஊரை இழந்த பின்னரும் தனுஷ்கோடியில் தங்கிவிட்ட மீனவக் குடும்பங்கள், மணலை இடுப்பளவு தோண்டி, அடியில் ஊறும் நீரைச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிறைத்தே இத்தனை ஆண்டுகளும் வாழ்ந்திருக்கிறார்கள். இரு பக்கமும் கடல் இருக்க நடுவில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று சுற்றுலா வருவோர் வியப்பதுண்டு. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கும் அது, உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது நூறாண்டுகளுக்கு மேலாக நிலத்தடி நீரியலார் அறிந்த கணக்கு. இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியமானது: நீர்மட்டம் கால் மீட்டர் தாழ்ந்தால், அடியிலிருந்து பத்து மீட்டர் உப்புநீர் மேலேறிவிடும். சிரட்டையால் கோரும்வரை அந்த ஊற்று தாங்கும். மோட்டார் வைத்து இறைத்தால் தாங்காது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் நாள்தோறும் வந்துபோகும் கூட்டமும், அவர்களை நம்பி முளைத்த கடைகளும், அந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தின் மீது புதிய சுமையாகச் சேர்ந்துவிட்டன. புயலின்போது கடல் மேலேறி மணல்திட்டைக் கடந்தால், ஊற்று மீண்டும் இனிக்க ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை தேவைப்படும். ஆகவே ஊற்றையே நம்பியிருங்கள் என்று இனியும் அம்மக்களிடம் சொல்வது நியாயமாகாது.

காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-இல் இம்மாவட்டத்துக்கு வந்தது பெரும் மாற்றம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனினும், திருச்சிப் பக்கத்திலிருந்து புறப்படும் குழாயின் கடைசி முனையில் இருப்பவர்களுக்கு, வழியில் எங்கே உடைப்பு ஏற்பட்டாலும் முதலில் நிற்பது அவர்கள் வீட்டுத் தண்ணீர்தான். அந்த முனைக்கும் அப்பால், குழாயே போகாத இடங்களில் இருப்போர் யார் என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இன்று நிலையாகக் குடியிருப்போர் எவரும் இல்லை. அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஆனால் அங்கே காவலுக்குப் போகும் வனத்துறை ஊழியர்களும், தீவுகளை ஒட்டிய கடலில் பாசி எடுக்கும் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்களும், ஒவ்வொரு முறையும் குடிநீரைக் கரையிலிருந்தே கொண்டுசெல்கிறார்கள். விடியற்காலையில் வல்லத்தில் ஏறி, நாள் முழுவதும் உப்புநீரில் மூழ்கி எழும் ஒரு பெண்ணுக்கு மாலை வரை இருப்பது அவள் எடுத்துச் சென்ற தண்ணீர் மட்டுமே. இவர்களையும், தனுஷ்கோடிக் குடிசைவாசிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், தேவை சிறியது, சிதறியது. நெம்மேலியில் சென்னைக்காக நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலையை அமைத்த அதே சிந்தனையோடு இந்த வேலையை அணுக முடியாது.

இலட்சத்தீவைப் பார்த்து நாமும் செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் நாளுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தரும் நிலையத்தை அமைத்தது. பின்னர் மினிக்காய், அகத்தி முதலிய தீவுகளுக்கும் அம்முறை விரிந்தது. காற்றை வெளியேற்றி அழுத்தம் மிகக் குறைக்கப்பட்ட ஒரு கலத்தில், 28 பாகை வெப்பமுள்ள மேற்பரப்புக் கடல்நீரின் ஒரு பகுதி தானாகவே ஆவியாகிறது. 350 மீட்டருக்கும் கீழே இருந்து குழாய்வழி ஏறும் 12 பாகைக் குளிர்நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வும் வேண்டாம், அதை நாள்தோறும் காக்கும் இரசாயனமும் வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஓர் ஆப்பரேட்டரால்தான் முழுமையாக உணர முடியும். ஆனால் அது பவளத் தீவின் விளிம்பிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவிலேயே கடல் ஆழத்துக்குச் சரியும் இடங்களுக்கு உரிய முறை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. மன்னார் வளைகுடாப் பக்கமும் அத்தகைய ஆழத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டும். மேலும், அந்த நிலையங்களின் பம்புகளை ஓட்டத் தீவின் டீசல் மின்சாரமே வேண்டியிருந்தது. அதிலிருந்து விடுபடுவதற்காகவே, கடலின் வெப்ப வேறுபாட்டிலிருந்தே மின்சாரமும் எடுக்கும் அமைப்பு ஒன்றை அக்கழகம் கவரத்தியில் மேற்கொண்டது.

நமக்குப் பாடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நரிப்பையூரில் 1990களின் இறுதியிலேயே நாளுக்கு 38 இலட்சம் லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையம் அமைக்கப்பட்டது. அதே ஊரில்தான், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன், சூரிய வெப்பத்தால் இயங்கும் நாளுக்கு 20,000 லிட்டர் திறனுள்ள முன்னோடி அமைப்பு ஒன்றைச் சென்னை ஐஐடி ஒரு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது. ஆர்.ஓ. முறையில் கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ள ஐம்பது பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இப்புதிய முறையில், கடல்நீரைவிடச் செறிவான ஒரு கரைசல் சவ்வின் மறுபக்கம் இருந்து நீரை இழுத்துக்கொள்வதால், இரண்டு பார் அளவே போதுமாகிறது. பிறகு அக்கரைசலிலிருந்து நீரைப் பிரிக்கச் சூரிய வெப்பம் பயன்படுகிறது. அதிக அழுத்தத்தால் வரும் பழுதுகள் குறையும் என்பதால் இம்முறைமீது எனக்கு ஆர்வம் உண்டு. எனினும், இன்றைய நிலையில் உதிரிபாகங்கள் கடையில் கிடைக்கக்கூடிய, பழக்கப்பட்ட முறை ஆர்.ஓ.தான் என்பதால், மற்றதை ஆய்வாகத் தொடர்ந்துகொண்டே, தீவு மக்களுக்கு முதலில் இதைத் தருவதே முறை.

மின்சாரக் கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒருவருக்கு நாளுக்கு 55 லிட்டர். அது எல்லாப் புழக்கத்துக்கும் சேர்த்த அளவு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் கொண்ட இருநூறு குடும்பங்களுக்கு நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் ஆகிறது. ஆயிரம் லிட்டருக்கு ஐந்து யூனிட் என்று கொண்டால் ஐம்பது யூனிட். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும் என்பதால், பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோவாட் தகடுகள் போதும். 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்த மாவட்டம் இது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் ஐந்து யூனிட் என்ற அந்த எண்ணுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. உள்ளே செலுத்தும் கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நன்னீராக வெளிவரும். மீதி உப்புநீர் அந்த ஐம்பது பார் அழுத்தத்தைச் சுமந்தபடியே வெளியேறும். அந்த அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் புதிய கடல்நீருக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி இல்லையென்றால், செலவான ஆற்றலில் பெரும்பகுதி கடலுக்கே போய்விடும், தேவையும் பத்து யூனிட்டைத் தாண்டிவிடும். நிலையத்தின் விலையைக் குறைப்பதற்காகச் சிறு நிலையங்களில் முதலில் கைவிடப்படுவது இக்கருவியே. அதன் விலையை மிச்சப்படுத்திவிட்டு, இரு மடங்கு தகடுகளுக்குப் பணம் கொடுப்பதில் என்ன இலாபம்? அதேபோல், இரவிலும் நிலையம் ஓட வேண்டும் என்று பெரிய மின்கலங்களை வாங்குவதும் தேவையற்றது. கடற்காற்றில் மின்கலத்தின் ஆயுள் குறைவு. பகலில் ஓட்டி, நான்கு நாள் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துவைத்தால், மேகமூட்டமான நாட்களையும் அதைக்கொண்டே கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தினமும் மாலையில் நிறுத்தும்போது, சவ்வுகளுக்குள் நிற்கும் உப்புநீரை நன்னீரால் அலசி வெளியேற்ற வேண்டும். அந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டாலும் உப்புப் படிந்துவிடும்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நிலையம் நாளுக்கு ஐம்பதாயிரம் லிட்டர் தந்தது. எட்டாம் ஆண்டில் உயரழுத்தப் பம்பின் சீல்கள் தேய்ந்து நீர் ஒழுகத் தொடங்கியது. அன்றே எழுதிக் கொடுத்தேன். நிலையம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, அவர்களே வாங்க வேண்டும் என்று ஓர் அலுவலகமும், எங்கள் வருமானத்தில் அதற்கு இடமில்லை என்று மற்றோர் அலுவலகமும் பதில் எழுதின. கோப்பு ஐந்து மாதம் இரண்டுக்கும் இடையே சென்று வந்தது. ஓடாமல் நிற்கும் சவ்வுகளைச் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் வைத்திருக்காவிட்டால் உள்ளே கிருமிகள் வளர்ந்து பாசிபோல் அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் அந்தப் பொடியை என் கைப்பணத்தில் வாங்கிப் போட்டேன். பிறகு என் ஊதியமே நின்றுபோனதால் அதுவும் முடியவில்லை. ஆறாம் மாதம் பம்புக்கான பாகங்கள் வந்து சேர்ந்தபோது சவ்வுகள் அத்தனையும் கெட்டிருந்தன. சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய பழுது சில இலட்சங்களாக மாறியது. மீண்டும் ஓட ஒரு வருடம் ஆயிற்று. நிலையம் நின்ற முதல் வாரத்தில் குடத்தோடு வந்து வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "எப்பய்யா வரும்?" என்று கேட்டார். நாளை மறுநாள் என்று சொன்னேன். அந்த வருடம் முழுவதும் அவர் எதிரே வரும்போது நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

இது ஒரு நிலையத்தின் கதை மட்டுமன்று என்பதை இத்துறையில் இருப்போர் அறிவர். ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: தீவுகளுக்கான எந்த ஒப்பந்தப்புள்ளியிலும், இயந்திரத்தின் விலையோடு பத்தாண்டு இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் உரிய தொகை சேர்க்கப்பட்டு, அத்தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை இயந்திரம் வந்திறங்கிய நாளோடு முடித்துவிடாமல், ஒவ்வொரு மாதமும் மக்களுக்குக் கிடைத்த நீரின் அளவையும் தரத்தையும் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தேய்ந்துபோகும் என்று முன்கூட்டியே தெரிந்த பாகங்களை, அதாவது சீல்கள், வடிகட்டிகள், ஒரு மாற்றுப் பம்பு ஆகியவற்றைச் சென்னையில் அல்லாமல் மண்டபத்திலோ இராமேஸ்வரத்திலோ இருப்பில் வைக்க வேண்டும். சவ்வுகள் எவ்வளவு நன்றாகக் காத்தாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியவை; இது எதிர்பாராத செலவு அன்று.

அடுத்தது ஆள். இப்போது நிலைய ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் தினக்கூலிகள். அந்தந்த ஊர்ப் பெண்கள் இருவருக்கும் ஆண்கள் இருவருக்கும் முறையாகப் பயிற்சி அளித்து நிரந்தர ஊதியம் தர வேண்டும் என்பது என் கருத்து. பெண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலுக்குப் போகும் ஆண் கரையில் இருக்கும் நாள் குறைவு. தண்ணீர் நின்றால் குடம் தூக்க வேண்டியவரும் பெண்தான், ஆகவே அதை ஓட வைப்பதில் அவருக்குள்ள அக்கறை வேறு யாருக்கும் இராது. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆய்வு நிறுவனத்தின் நிலையம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. அது கடற்பாசி ஆய்வுக்கானது என்றாலும், அதன் தலைமை நிறுவனமான பவநகர் ஆய்வகம் நம் நாட்டில் சவ்வுத் தொழில்நுட்பத்தை வளர்த்த இடங்களுள் முதன்மையானது. 1978-இலேயே குஜராத்தின் அவானியா கிராமத்தில் வெயிலால் உப்புநீரை ஆவியாக்கி நன்னீராக வடிக்கும் சூரிய வடிகலன்களை அமைத்துக் குடிநீர் தந்த நிறுவனம். மண்டப நிலையத்தையே பயிற்சி இடமாகக் கேட்டுப் பெறலாம். வடிகலன் என்றதும் நினைவுக்கு வருகிறது: வனக்காவலர் இரண்டு மூன்று பேர் தங்கும் குடிசைக்கு ஆர்.ஓ. எதற்கு? கண்ணாடி மூடிய சூரிய வடிகலன் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் தரும். ஐந்து சதுர மீட்டர் அமைத்தால் அவர்களுக்குக் குடிக்கப் போதும். அதில் பழுதாவதற்குக் கண்ணாடியைத் தவிர அதிகம் இல்லை.

கடலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் நன்னீர் எடுத்தால் ஏறத்தாழ பதினெட்டாயிரம் லிட்டர் செறிவான உப்புநீர் வெளிவரும். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இதில் 54 கிராம் அளவுக்கு இருக்கும். எடை கூடிய இந்நீர் கடலின் அடியில் இறங்கித் தங்கும். பவளப் பாறைகளும், எங்கள் மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல்லும், அதை மேயும் கடற்பசுவும் வாழ்வது அதே அடித்தளத்தில்தான். பவளத்தை வெட்டி எடுத்ததால் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். ஆகவே உப்புநீரைக் கரையோரத்தில் ஒரே இடத்தில் கொட்டாமல், முதலில் சாதாரணக் கடல்நீரோடு கலந்து, நீரோட்டம் உள்ள இடத்தில் பல துளைகள் கொண்ட குழாயால் பரப்பி விட வேண்டும். ஆண் கடல் என்று நாங்கள் அழைக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்திலும், பெண் கடலாகிய பாக் விரிகுடாப் பக்கம் வாடைக் காலத்திலும் கலங்கும் என்பதால், நீர் எடுக்கும் குழாயை நேரே கடலில் வைப்பதைவிடக் கரை மணலில் கிணறு வெட்டி, மணலே வடிகட்டித் தரும் நீரை எடுப்பது நல்லது. சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) குழாயை அடைக்கும் தொல்லையும் அதனால் குறையும். ஆனால் அந்தக் கிணறு ஊற்றுகளின் பக்கம் இருக்கவே கூடாது. நிலையம் வந்துவிட்டது என்று ஊற்றுகளைத் தூர்ப்பதும் கூடாது. அவை பழுது நாட்களின் காப்பு.

ஆர்.ஓ. நீர் தாது உப்புகள் குறைந்தது. அப்படியே கொடுத்தால் சுவையும் இராது, இரும்புக் குழாயையும் அரிக்கும். சுண்ணாம்புக்கல் படுகையின் வழியே அதைச் செலுத்திவிட்டு வழங்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது; வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்த நாளின் அளவைத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பலகையில் தமிழில் எழுதி வைத்தால், மக்கள் தாங்களே சவ்வின் நலத்தைக் கண்காணித்துக்கொள்வார்கள். எண் ஏறத் தொடங்கும்போதே கேட்பார்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளி, காற்று இரண்டையும் கொண்டு மின்சாரம் தரும் அமைப்புகளுக்கு இந்திய அரசு உதவ 2022-இல் ஒப்பந்தமானது. அயலில் உள்ள தமிழ் மக்களின் தீவுகளுக்குக் கொடுக்க முடிந்த நாட்டுக்கு, இராமேஸ்வரம் தீவின் கடைசி முனைக்கு ஒரு சிறு நிலையம் பெரிய காரியமன்று. தனுஷ்கோடியில் முதலில் ஒன்றை, மேலே சொன்ன நிபந்தனைகளோடு அமைத்து இரண்டு ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற இடங்களுக்குப் போகலாம் என்று தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலை பார்த்த பதினோரு ஆண்டுகளிலும் ஒவ்வொரு நாளும் எழுதிய அழுத்தம், நீரளவு, உப்பளவு, பழுது, நின்ற நாட்கள் ஆகியவற்றின் நகல் குறிப்பேடுகள் ஒன்பது என்னிடம் உள்ளன. புதிய நிலையத்தைத் திட்டமிடும் பொறியாளர் எவருக்கேனும் அவை பயன்படுமானால், நேரில் கொண்டுவந்து கொடுத்து, கேட்பவற்றுக்கு விளக்கமும் சொல்லக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற குடிநீர் நிலைய ஆப்பரேட்டர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.